முதல் பாய்மரக் கப்பல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மரத்தாலான மாதிரிப் பாய்மரக் கப்பலை முதன்முறையாகக் கட்ட முனைந்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து சிலவற்றை இம்மாதப் பகுதிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில், எல்லாருக்கும் பொருந்தக்கூடிய கடிதம் ஒன்றை மட்டும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். நேரமும் பொறுமையும் இருக்கின்றன. ஓரளவு செலவு செய்யவும் இயலும். டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலத் தளபதி நெல்சன் நின்றிருந்த 'விக்டரி' கப்பலின் கிட்டையே (வெட்டிய பாகங்களும் கையேடும் அடங்கிய பெட்டி) வாங்கித் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சிறிய படகுகளில் எனக்கு ஆர்வம் இல்லை. தங்கள் கருத்து என்ன?
(வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. தங்கள் பொறுமையை நான் ஐயுறவில்லை. அந்தக் கப்பல் கேட்கும் பொறுமை வேறு வகையானது. 1765ஆம் ஆண்டு சாத்தம் கப்பல் தளத்தில் நீரில் இறக்கப்பட்ட 'விக்டரி', இன்று போர்ட்ஸ்மவுத்தில் காட்சிக்கு நிற்கிறது. 104 பீரங்கிகளைத் தாங்கிய மூன்று தளப் போர்க்கப்பல் அது. அதில் ஓடிய கயிற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 26 மைல் என்று கணக்கிடுகிறார்கள். 72இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் மாதிரியின் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். மேல்தளத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு வண்டி, நான்கு சக்கரங்கள், பின்வாங்குவதைத் தடுக்கும் கயிறு, இழுத்து நிறுத்தும் கப்பிகள் என்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். பல ஆண்டுகள் நீளும் அந்த வேலையில், முதல் மாதத்தில் உடற்பகுதியில் விட்ட சிறு கோணலைக் கடைசி நாள் வரை பார்த்துக்கொண்டே இருக்க நேரிடும் என்பதுதான் என் தயக்கத்துக்குக் காரணம்.

ஒரு கப்பலை முடிப்பதால் வரும் அறிவு, பாதியில் நிறுத்திய பெரிய கப்பலிலிருந்து வருவதில்லை. உடலைக் கட்டுவது, தளம் போடுவது, பாய்மரம் நிறுத்துவது, கயிறு கட்டுவது ஆகிய நான்கு கட்டங்களையும் ஒருமுறை கடந்துவிட்டவருக்குத்தான் முதல் கட்டத்தில் செய்யும் எந்த வேலை நான்காம் கட்டத்தில் வந்து மறிக்கும் என்பது தெரியும். ஆகவே முதற்கப்பல் சிறியதாக, பீரங்கி அற்றதாக, ஒன்று அல்லது இரண்டு பாய்மரம் உடையதாக இருக்கட்டும்.

சிறிய படகு என்றால் ஆர்வம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சற்று மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் நிறுவனம், தொடங்குவோருக்காகவே மூன்று சிறு கிட்களை வரிசைப்படுத்தி வெளியிட்டிருக்கிறது. முதலாவது, 24இல் ஒரு பங்கு அளவிலான 'டோரி' என்னும் மீன்பிடிப் படகு. அடுத்தது ஒரு நார்வேப் பாய்ப்படகு. மூன்றாவது, சிங்கி இறால் பிடிக்கும் ஒற்றைப் பாய்மரப் படகு. டோரியின் மூலவடிவம் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏம்ஸ்பரியில் 1793ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லோவெல் படகுப் பட்டறையைச் சேர்ந்தது. நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கேயுள்ள கிராண்ட் பேங்க்ஸ் மீன்பிடி மேடைகளுக்குச் செல்லும் ஸ்கூனர்கள் (இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாய்மரங்களுடைய கப்பல்கள்), இத்தகைய டோரிகளின் குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தளத்தில் ஏற்றிச் சென்றன. மீன்பிடி இடம் வந்ததும் அவற்றை இறக்கி, ஆளுக்குச் சற்றுத் தொலைவாகப் பிரிந்து தூண்டில் போட்டார்கள். மாதிரியில் இந்தப் படகு ஒரு சாண் அளவே இருந்தாலும், ஒரு தொழிலின் முழு ஒழுங்கும் அதன் வடிவத்தில் இருக்கிறது.

அதன் பிறகு, அத்தகைய டோரிகளைச் சுமந்த ஸ்கூனரையே கட்டலாம். கனடாவின் லூனன்பர்க்கில் 1921ஆம் ஆண்டு கட்டப்பட்டு, மீன்பிடித்தலோடு பந்தயங்களிலும் பெயர் பெற்ற 'புளூநோஸ்', கனடாவின் 10 சென்ட் நாணயத்தில் காணப்படும் பாய்மரக் கப்பலுக்கு மூலமாகக் கருதப்படுவது. 143 அடி நீளமுள்ள அக்கப்பல், 64இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது 68 செ.மீ. ஆகிறது, முன்னே நீட்டிய கழிகள் உட்பட எல்லாம் வீட்டு அலமாரிக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். 'விக்டரி' அதற்கு அப்பால் காத்திருக்கலாம்.

கேள்வி: பிளாஸ்டிக் கிட்டில் தொடங்குவது எளிதா?
(வாசகி, சேலம்)

பதில்: கயிறு கட்டும் வேலையைப் பழக வேண்டுமென்றால் எளிது, மரவேலை பழக வேண்டுமென்றால் அது உதவாது. பிளாஸ்டிக்கில் உடல் இரு பாதிகளாக வார்க்கப்பட்டு வந்துவிடுவதால், திறமை முழுவதும் வண்ணம் பூசுவதில்தான் வெளிப்படும். மேலும் பிளாஸ்டிக் பாய்மரங்கள் கயிற்றின் இழுப்புக்கு வளைந்துவிடக்கூடியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மாதிரிக் கப்பல் கட்டுவதற்கென்றே விற்கப்படும் கருவிப் பெட்டிகளின் விலை, கிட்டின் விலையை எட்டுகிறது. எவற்றை அவசியம் வாங்க வேண்டும்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அந்தப் பெட்டிகளில் பாதி, திறக்கப்படாமலே துருப்பிடிக்கும். மாற்றக்கூடிய கூரிய அலகுடைய ஒரு கைவேலைக் கத்தி, எஃகு அளவுகோல், சிறிய செங்கோணம், நுண்பல் ரம்பம், 0.5 மி.மீ. முதல் 1.5 மி.மீ. வரையிலான துளையிடும் ஊசிகளைப் பொருத்திக் கையால் திருகும் துளைப்பான், நேரான ஒன்றும் வளைந்த ஒன்றுமாக இரண்டு ட்வீசர்கள், 120 முதல் 320 வரையிலான எண்களில் உப்புத்தாள் ஆகியவை போதும். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்கள் மட்டும் எத்தனை இருந்தாலும் போதவில்லை என்று தோன்றும். அந்தக் குறையைத் துணி மாட்டும் கிளிப்புகளும் கோப்புகளில் செருகும் கறுப்புக் கிளிப்புகளும் நன்றாகவே நிரப்புகின்றன. உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்க்காமல், தட்டையான மரப்பட்டை ஒன்றில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் நான் சொல்லப்போகும் பல வேலைகளுக்கு அதுவே முதன்மைக் கருவி. மின்சாரத்தில் இயங்கும் எதையும் முதற்கப்பலுக்கு வாங்க வேண்டியதில்லை. மெல்லிய மரத்தில் கை மெதுவாகச் செய்யும் தவற்றை இயந்திரம் நொடியில் செய்துவிடும்.

கத்தியின் அலகை அடிக்கடி மாற்றுங்கள். மழுங்கிய அலகு அழுத்தம் கேட்கிறது. அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலுக்கு வருகிறது.

கேள்வி: இரண்டு பாய்மர ஸ்கூனர் கிட் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். முதுகெலும்பு போன்ற நடுப்பலகையில் குறுக்குச் சட்டங்களைப் பொருத்திவிட்டேன். அடுத்து "பலகைகளை ஒட்டவும்" என்று ஒரே வரியில் கையேடு முடிந்துவிடுகிறது. ஒட்டத் தொடங்கினால், நடுப்பகுதியில் சரியாகப் படியும் பலகைகள் முன்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பின்பகுதியில் இடைவெளி விழுகிறது. பலகைகள் தவறான அளவில் வெட்டப்பட்டு வந்திருக்குமோ?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: இம்மாதம் வந்த கடிதங்களில் மிகுதியானவை இதையே கேட்கின்றன; ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். பலகைகளில் தவறு இல்லை. அவை எல்லாம் ஒரே அகலமுள்ள நேர்ப்பட்டைகளாக வருகின்றன. கப்பலின் உடலோ எந்த இடத்திலும் ஒரே சுற்றளவு உடையதாக இல்லை. பரங்கிக்காயின் கீற்றுகள் நடுவில் அகன்று இரு முனைகளிலும் குறுகுவது போலவே, மெய்யான கப்பலின் பலகைகளும் முன்பகுதியாகிய அணியத்தை நெருங்க நெருங்கக் குறுகும்படி செதுக்கப்பட்டன. அந்தச் செதுக்கலைக் கிட் தயாரிப்பாளர் உங்களிடம் விட்டுவிட்டு, கையேட்டில் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்.

பலகைக்கு வருமுன், சட்டகத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஏரா எனப்படும் அடிமரத்தின் இடத்தில் இருக்கும் அந்த நடுப்பலகையை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். பிளைவுட் சிறிதளவேனும் வளைந்திருந்தால், சட்டங்களை ஒட்டுவதற்கு முன்பே அதை ஈரப்படுத்தி, இரு கண்ணாடிப் பலகைகளுக்கு இடையே கனம் வைத்து நிமிர்த்தியிருக்க வேண்டும். நீங்கள் ஏற்கனவே ஒட்டிவிட்டதால், வளைவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, சிறிதாக இருந்தால் சட்டங்களுக்கு இடையே சிறு மரத்துண்டுகளை இறுக்கமாகச் செருகி ஒட்டி நேராக்குங்கள். மெல்லிய பிளைவுட்டாலான அடித்தளத்தை இப்போதே பொருத்திவிடுவதும் நல்லது. அது உடலை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, குறுக்குச் சட்டங்களின் விளிம்பைப் பாருங்கள். இயந்திரம் அவற்றைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறது. அணியத்துக்கு அருகிலுள்ள சட்டங்களில் பலகை சாய்வாக வந்து படிவதால், விளிம்பின் ஒரு முனையை மட்டுமே அது தொடும். அந்த விளிம்பை, பலகை அதன் முழுத் தடிமனிலும் படியும்படி சாய்வாகத் தேய்க்க வேண்டும். உப்புத்தாள் ஒட்டிய பட்டை ஒரே நேரத்தில் மூன்று சட்டங்களையாவது தொடும் நீளமுடையதாக இருந்தால் மேடுபள்ளம் தானே சமப்படும். அவ்வப்போது ஒரு மெல்லிய பலகையை முன்னிருந்து பின்வரை வளைத்துப் பிடித்துப் பாருங்கள். அது எல்லாச் சட்டங்களிலும் படிந்து, எங்கும் துள்ளாமலும் குழியாமலும் ஓடினால் சட்டகம் தயாராகிவிட்டது. குழிந்த இடத்தில் மெல்லிய மரச்சிம்பு ஒன்றை ஒட்டி மீண்டும் தேய்க்கலாம். அணியத்தில் முதல் இரு சட்டங்களுக்கு முன்னுள்ள வெற்றிடத்தைப் பால்சா மரக்கட்டைகளால் நிரப்பி, வடிவத்துக்குத் தேய்த்துவிட்டால், மிகுதியாக வளையும் இடத்தில் பலகைக்குப் பிடிமானம் கிடைக்கும். இந்த வேலை அலுப்பூட்டக்கூடியது. முடிந்த கப்பலில் யாரும் இதைப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் உடலின் கோடு அழகாக ஓடுகிறதா இல்லையா என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

இப்போது கணக்கு. நடுச்சட்டத்தின் ஒரு பக்க விளிம்பை, தளத்தின் ஓரத்திலிருந்து ஏரா வரை, ஒரு காகிதப் பட்டையால் அளந்து பாருங்கள். அது 120 மி.மீ. என்றும் உங்கள் பலகையின் அகலம் 5 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், அங்கே 24 பலகைகள் அடங்கும். அணியத்தின் முதற்சட்டத்தில் அதே அளவு 72 மி.மீ. ஆக இருந்தால், அதே 24 பலகைகள் அங்கே தலைக்கு 3 மி.மீ. அகலத்தில்தான் அடங்க முடியும். ஆகவே ஒவ்வொரு பலகையையும் நடுவிலிருந்து முன்னோக்கி 5 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ.க்குப் படிப்படியாகக் குறைத்துச் சீவ வேண்டும். ஒவ்வொரு சட்டத்துக்கும் இவ்வாறு ஒரு காகிதப் பட்டையை வைத்து அளந்து, பென்சிலால் பிரித்துக் குறித்துவிட்டால், எந்தப் பலகை எங்கே ஓட வேண்டும் என்பது ஒட்டுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பாதி அகலத்துக்குக் கீழே எந்தப் பலகையையும் சீவாதீர்கள். ஊசிமுனையாக முடியும் பலகையில் ஆணி அறைய இடமிருக்காது என்பதால் மெய்யான கப்பல் தச்சர்களும் அதைத் தவிர்த்தார்கள். அந்த நிலை வருமானால், இரண்டு பலகைகளுக்குப் பதிலாக ஒரே பலகை அணியத்தைச் சேரும்படி இணைத்துக்கொள்வதே முறை. பின்பகுதியில் நிலைமை தலைகீழானது. அங்கே சுற்றளவு கூடுமானால், பலகைகளை வலிந்து இழுக்காமல் அவற்றை அவற்றின் போக்கில் படியவிட்டு, எஞ்சும் ஆப்பு வடிவ இடைவெளியில் அதே வடிவத்தில் வெட்டிய துண்டைப் பொருத்துங்கள். இதைக் குறைபாடாக எண்ண வேண்டாம். பெருங்கப்பல்களிலும் இப்படித்தான் செய்தார்கள்.

முதற்பலகையைத் தளத்தின் ஓரக் கோட்டை ஒட்டிப் பொருத்துங்கள். பிறகு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாறி மாறிச் செல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்தாறு பலகைகளை ஒட்டிவிட்டால் அவற்றின் இழுப்பு முழு உடலையும் முறுக்கிவிடும். பின்னால் அதைத் திருத்த வழியே இல்லை.

வளைப்பதைப் பற்றி ஒரு சொல். பலகையை வளைப்பது நீர் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மரநாரைத் தளர்த்துவது வெப்பம். லைம், பாஸ்வுட் போன்ற மென்மரப் பலகையைச் சிறிது நேரம் வெந்நீரில் ஊறவைத்து, வேண்டிய வளைவில் பிடித்து, ஹேர் டிரையரின் சூடான காற்றைக் காட்டிவிட்டு, ஆறும் வரை அப்படியே வைத்திருங்கள். வளைந்த பலகை நன்றாக உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டிய பலகை உலரும்போது குறுக்குவாட்டில் சுருங்குவதால், நேற்று நெருக்கமாக இருந்த இணைப்பில் இன்று வெளிச்சம் தெரியும்.

கேள்வி: மேற்சொன்ன அறிவுரைகளைத் தெரிந்துகொள்ளாமல் பலகை ஒட்டி முடித்துவிட்டேன். உடல் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கைவிட்டுவிடலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: உங்கள் கிட் இரட்டைப் பலகை முறையைச் சேர்ந்தது என்று படத்திலிருந்து தெரிகிறது. அதில் முதல் அடுக்கு வெறும் அடித்தளமே. அதன்மேல் சுமார் அரை மி.மீ. தடிமனுள்ள வால்நட் போன்ற மரத்தோல் ஒட்டப்படும். மர நிரப்புப் பூச்சைப் பள்ளங்களில் தடவி, உலர்ந்ததும் நீளவாக்கில் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனிகளால் தடவிப் பாருங்கள். கண் கவனிக்காத மேட்டை விரல் கண்டுபிடித்துவிடும். இரண்டாம் அடுக்கை இழப்பின்றி ஒட்டலாம், கைவிட வேண்டியதில்லை.

கேள்வி: ஃபெவிகால் போதுமா, அல்லது ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை வேண்டுமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: மரத்தோடு மரம் சேரும் இடங்களில் எல்லாம் வெள்ளை மரப்பசையே முதன்மையானது. அது உலர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கோணத்தைத் திருத்தலாம். தவறாக ஒட்டிய பிறகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவிச் சிறிது நேரம் விட்டால் இணைப்பு பெரும்பாலும் தளர்ந்துவிடும். உடனடிப் பசையை உலோகம் மரத்தைச் சேரும் சிறு இணைப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது ஊறிய இடத்தில் மரம் பின்னால் வண்ணச்சாயத்தையோ எண்ணெயையோ ஏற்காமல் வெளிறிய திட்டாக நிற்கும். பலகை ஒட்டும்போது கிளாம்ப் எட்டாத இடங்களில், சட்டத்தில் இரு சொட்டு மரப்பசைக்கு நடுவே ஒரு சிறு சொட்டு உடனடிப் பசை வைப்பது பலரும் கையாளும் சமரசம். சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். அதன் ஆவி கண்ணை எரிக்கும்.

கேள்வி: தளப்பலகைகளுக்கு இடையே கறுப்புக் கோடு வரவேண்டும் என்கிறார்கள். எப்படி?
(வாசகர், ஈரோடு)

பதில்: மெய்யான தளத்தில் பலகைகளின் இடுக்கில் நார் திணித்துக் கீல் ஊற்றுவார்கள், அந்தக் கீல்தான் கறுப்புக் கோடு. மாதிரியில் ஒவ்வொரு பலகையின் ஒரு பக்க விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் போதும். மார்க்கர் பேனாவைப் பயன்படுத்தாதீர்கள்; வார்னிஷ் பட்டதும் மை மரநாரில் கசிந்து பரவிவிடும். பலகையின் நீளத்தையும் கவனியுங்கள். தளம் முழுவதற்கும் ஒரே பலகையை ஓட்டினால் அத்தகைய மரம் எங்கே வளர்ந்தது என்ற கேள்வி எழும். 24 அடிப் பலகை, 64இல் ஒரு பங்கில் 11.4 செ.மீ. ஆகிறது. அந்த அளவில் நறுக்கி, முனைகள் அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே இடத்தில் சந்திக்காதபடி மாற்றி மாற்றி வையுங்கள்.

கேள்வி: நான் பொறியியல் மாணவி. கப்பலின் உடல் முடிந்துவிட்டது. கயிறு கட்டும் வரைபடத்தைத் திறந்தால் சிலந்தி வலை தெரிகிறது. எந்தக் கயிற்றில் தொடங்குவது?
(வாசகி, சென்னை)

பதில்: வரைபடத்தைச் சற்று நேரம் மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு கயிற்றுக்கும் என்ன வேலை என்று கேளுங்கள். ஒரு பாய்மரக் கப்பலில் இரண்டே வகைக் கயிறுகள் இருக்கின்றன. பாய்மரத்தை விழாமல் பிடித்து நிறுத்தும் கயிறுகள் ஒரு வகை. ஒருமுறை கட்டினால் அவை அசைவதில்லை. மழையிலும் உப்புக்காற்றிலும் மக்காதிருக்க அவற்றுக்குத் தார் பூசினார்கள். ஆகவே மாதிரியிலும் அவை கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ இருக்கும். பாய்களையும், பாய் தொங்கும் குறுக்குக் கழிகளாகிய பருமல்களையும் ஏற்ற, இறக்க, திருப்ப மாலுமிகள் கையால் இழுத்த கயிறுகள் மற்றொரு வகை. அவை கப்பிகளின் வழியே ஓடி, தளத்திலுள்ள முளைகளில் வந்து முடியும். நிறம் வெளிறிய பழுப்பு. வரைபடத்தில் முதல் வகையை ஒரு வண்ணத்திலும் இரண்டாம் வகையை மற்றொரு வண்ணத்திலும் பென்சிலால் தீட்டிப் பாருங்கள். வலை இரண்டாகப் பிரிந்துவிடும்.

நிறுத்தும் கயிறுகள் முதலில். பாய்மரத்தின் உச்சியிலிருந்து கப்பலின் இரு பக்கங்களுக்கும் இறங்கும் பக்கக் கயிறுகள், இரண்டிரண்டாக ஒரே துண்டில் மடித்து உச்சியில் மாட்டப்படுகின்றன. வலப்பக்கத்தின் முன் இணை முதலில், இடப்பக்கத்தின் முன் இணை அடுத்து, பிறகு மீண்டும் வலம் என்று மாறி மாறி ஏற்றுவதே கப்பல்களின் மரபு. அவை எல்லாம் ஏறிய பிறகு, பாய்மரத்தை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் கனத்த கயிறு அவற்றின் மேலே அமரும். பக்கக் கயிற்றின் அடிமுனையில் மூன்று துளையுள்ள வட்டக் கட்டை ஒன்றைக் கட்டி, உடலோடு பிணைத்த மற்றொரு கட்டையோடு மெல்லிய கயிற்றால் கோத்து இறுக்குவார்கள். மேற்கட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அதற்கு ஒரு கம்பியை இரு முனைகளிலும் மடித்து, மேற்கட்டையின் துளையையும் கீழ்க்கட்டையின் துளையையும் ஒரே இடைவெளியில் பிடிக்கும்படி செய்துகொண்டால், ஒவ்வொரு கயிற்றையும் அந்த அளவுக்கே கட்டலாம். பாய்மரம் சாய்ந்துவிடவில்லையா என்று ஒவ்வொரு இணைக்குப் பிறகும் முன்னாலிருந்து பாருங்கள்.

இழுக்கும் கயிறுகளில் ஓர் எளிய விதி உண்டு: உள்ளிருந்து வெளியே, கீழிருந்து மேலே. பாய்மரத்தை ஒட்டி இறங்கும் கயிற்றைக் கடைசிக்கு விட்டால், அங்கே விரலும் போகாது, ட்வீசரும் போகாது. அதைவிட முக்கியமான ஒன்றைக் கையேடுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. பாய்மரத்திலும் பருமல்களிலும் வரவேண்டிய எல்லாக் கப்பிகளையும் வளையங்களையும், அவற்றைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே மேசையில் வைத்துக் கட்டிவிடுங்கள். மேசையில் இரண்டு நிமிடத்தில் முடியும் முடிச்சு, கயிறுகளுக்கு நடுவே நிற்கும் பாய்மரத்தில் ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளும். தளத்திலுள்ள முளைகளையும் அப்படியே, கைக்கு எட்டும்போதே பொருத்துங்கள்.

மாணவி என்பதால் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலக் கப்பல் அட்டவணைகளில் கயிற்றின் அளவு, விட்டமாக அன்றிச் சுற்றளவாகவே குறிக்கப்படுகிறது. ஆறு அங்குலக் கயிறு என்றால் விட்டம் ஏறத்தாழ 1.9 அங்குலம், 64இல் ஒரு பங்கில் அது 0.76 மி.மீ. நூல். சுற்றளவை விட்டமாக எடுத்துக்கொண்டால் மூன்று மடங்கு தடித்த நூலைக் கட்டிவிடுவீர்கள்.

கேள்வி: பக்கக் கயிறுகளில் ஏணிப் படிகள் கட்டும்போது, மேலே செல்லச் செல்ல இடை சுருங்கிவிடுகிறது. படிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடவேண்டும்?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: மாலுமி காலைத் தூக்கி வைக்க வசதியான தூரம், அதாவது 13 முதல் 15 அங்குலம் வரை. 64இல் ஒரு பங்கில் அது 5 முதல் 6 மி.மீ. ஆகும். அந்த அளவில் சராசரி மனிதனின் உயரம் 26 மி.மீ.; அட்டையில் அப்படி ஓர் உருவம் வெட்டி அருகில் நிறுத்தி வையுங்கள், படிகளும் ஏணிகளும் கதவுகளும் சரியான அளவில் இருக்கின்றனவா என்பதை அவனே சொல்லிவிடுவான். சமதூரத்தில் கோடு போட்ட காகிதத்தைக் கயிறுகளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டுங்கள். இடை சுருங்குவதற்குக் காரணம் இழுப்பு. ஓரக் கயிறுகளில் முடிச்சை இறுக்கும்போது படிநூலை உள்நோக்கி இழுத்துவிடுகிறீர்கள். நடுக் கயிற்றில் முதல் முடிச்சைப் போட்டு, அங்கிருந்து இரு புறமும் செல்லுங்கள். படிநூல் சற்றுத் தொய்ந்தே இருக்கட்டும். ஐந்து படிக்கு ஒருமுறை எழுந்து நின்று எட்டிப் பாருங்கள். முடிச்சின்மேல் நீர் கலந்த மரப்பசையை ஒரு தூரிகை நுனியால் தொட்டால் போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் கட்டப்பட்டு அமெரிக்கா வரை சென்ற 'அன்னபூரணி' கப்பலின் மாதிரியைக் கட்ட ஆசை. முதற்கப்பலாக அதையே எடுக்கலாமா?
(வாசகர், வல்வெட்டித்துறை)

பதில்: ஆசை நியாயமானது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட இரு பாய்மரக் கப்பலான 'அன்னபூரணி'யை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவ்வூர் மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கப்பலுக்கு அங்கே 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றப்பட்டிருந்தது. நான் மேலே சொன்ன டோரிகளைச் சுமந்த ஸ்கூனர்கள் புறப்பட்ட புகழ்பெற்ற துறைமுகமும் அதே குளோஸ்டர்தான்.

ஆனால் முதற்கப்பலாக அதை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். கிட் என்பது, சட்டங்களின் வடிவத்தை ஒருவர் முன்பே வரைந்து வெட்டிக் கொடுத்துவிட்ட வசதி. அந்த வசதி இல்லாத கப்பலுக்கு, நிழற்படங்களிலிருந்தும் அளவுகளிலிருந்தும் உடலின் கோடுகளை நீங்களே வரைய வேண்டும். ஒரு குறுக்குச் சட்டத்தைச் சாய்வாகத் தேய்த்துப் பழகாத கையால் அதை வரைய முடியாது. ஏறக்குறைய அதே அளவுள்ள இரு பாய்மரக் கிட் ஒன்றை முதலில் முடியுங்கள். அந்த வேலை நடக்கும்போதே, ஊரில் தோணி கட்டிய குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் அளவுகளையும் படங்களையும் கேட்டுச் சேர்த்து வாருங்கள்; அதைத் தள்ளிப்போட வேண்டாம். நம் பக்கத்துத் தொடர்புடைய பெருங்கப்பல் ஒன்று வேண்டுமானால், பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டி 1817ஆம் ஆண்டு நீரில் இறக்கிய 'டிரிங்கோமலி' இருக்கிறது. திருகோணமலையின் பெயர் தாங்கிய அந்தப் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அதுவும் முதற்கப்பலுக்கு உரியதன்று.

கேள்வி: பாய்கள் கட்டாயமா? கட்டி முடித்த கப்பலைக் கடலோர ஊரில் எப்படிப் பாதுகாப்பது?
(வாசகி, கடலூர்)

பதில்: பாய்கள் கட்டாயம் இல்லை. கிட்டில் வரும் துணியின் இழை பெரும்பாலும் அளவுக்கு மீறித் தடித்தது. அதை விரித்துக் கட்டினால், அரும்பாடுபட்டுக் கட்டிய கயிறுகள் எல்லாம் மறைந்துவிடும். வெறும் பாய்மரங்களோடு நிறுத்துவதையே நான் விரும்புவேன். சுருட்டிக் கட்டிய பாய் வேண்டுமென்றால், துணியை மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு வெட்டிக்கொண்டு சுருட்டுங்கள்; முழுத் துணியைச் சுருட்டினால் பருமலில் தலையணை கட்டியது போல் ஆகிவிடும்.

பாதுகாப்பு என்றால் முதலில் கண்ணாடிப் பெட்டி. தூசி படிந்த கயிற்றைத் தூரிகையால் துடைக்கத் துடைக்க முடிச்சுகள் தளரும். வெயில் நேரடியாக விழும் சன்னலோரம் கூடாது; நூலின் நிறம் வெளிறிவிடும். பருத்தி நூல் ஈரக்காற்றில் சுருங்கி இறுகும், உலர்ந்த காற்றில் தொய்யும். எனவே கோடையில் கயிறு தொய்ந்திருக்கிறதே என்று வீணைத் தந்தியாக முறுக்கிக் கட்டினால், ஐப்பசி மழையில் அது மெல்லிய மேற்பாய்மரத்தை வளைத்துவிடும். பாலியெஸ்டர் நூலில் இந்தத் தொல்லை குறைவு.

பெட்டியை முற்றிலும் அடைத்துவிடாமல், அடிப்பலகையில் இரண்டு மூன்று சிறு காற்றுத் துளைகள் இட்டு, உட்புறம் மெல்லிய வலைத்துணி ஒட்டுங்கள். பழைய கிட்களில் பீரங்கியும் நங்கூரமும் ஈயக் கலவையில் வார்க்கப்பட்டிருக்கும். மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் வெளிவரும் அமில ஆவி அடைத்த பெட்டிக்குள் தேங்கினால், ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். உங்கள் கிட் பழையதாக இருந்தால் அந்தப் பாகங்களை இப்போதே பித்தளைக்கு மாற்றிவிடுங்கள். கயிறு கட்டிய பிறகு அவற்றை வெளியே எடுக்க முடியாது.